போகிக்குக் கிளம்பி ஆற்றுத் திருவிழாவுக்குத் திரும்பலாம்: துபாயில் நான்கு இரவு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பொங்கல் லீவில் குடும்பத்தோடு துபாய் போய்வர ஆசை. நான்கு இரவுதான் முடியும். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 11, 5. நானும் மனைவியும் சேர்த்து ஆறு பேர். பார்க்க வேண்டிய இடங்கள் என்று 14 எழுதி வைத்திருக்கிறேன். பேக்கேஜில் போவதா, நாமே போவதா, எதை எந்த நாளில் வைப்பது?

அந்த 14 இடங்களில் முதலில் ஒன்பதை அடித்துவிடுங்கள். பதிலில் பாதி இதுதான், மீதிப் பாதி அது ஏன் என்பது.

நான் துபாயின் பழைய பகுதியான பர் துபாயில் 13 வருடம் இருந்தவன். தேராவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். மச்சான் குடும்பம், பக்கத்து வீட்டு ஆசிரியர், பரங்கிப்பேட்டை நண்பரின் அத்தா அம்மா. சம்பளமில்லாத கைடு நான்தான். மூன்றாம் நாள் மதியத்துக்குள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். பிள்ளை அழும், பெரியவர் காரைவிட்டு இறங்க மாட்டார், கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பார்த்தது குறைவாக இருந்ததால் வந்த வினை இல்லை அது. ஆகவே உங்கள் பயணத்தின் வேகத்தை உங்கள் அம்மாவின் முழங்கால் முடிவு செய்யட்டும். அவர் எவ்வளவு நடப்பாரோ அவ்வளவுதான் அன்றைய துபாய்.

பொங்கலைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஜனவரியில் அங்கே பகலில் 24, 25 டிகிரி, ராத்திரி 14, 15. நம் மார்கழி மாதிரி, ஈரம் கொஞ்சம் குறைவு. கடலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு என்ன என்று நினைத்து மே லீவுக்குத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். மே மாதமே 40 டிகிரி வந்துவிடும். ஆகஸ்டில் கடல் ஈரமும் சேர்ந்து, ஹோட்டலைவிட்டு வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. காலாண்டு லீவிலும் இந்த வெக்கை தீர்ந்திருக்காது. அரையாண்டு லீவில் குளிர் உண்டு, ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை ஏறிக் கிடக்கும்.

பொங்கலில் இன்னொரு வசதியும் இருக்கிறது. போகியன்று சென்னையே காலி செய்துகொண்டு தெற்கே வரும். நீங்கள் அப்போது எதிர்த்திசையில் மீனம்பாக்கம் போவீர்கள். திரும்பி வரும்போது ஊர் சனமெல்லாம் பெருங்களத்தூரில் நின்றுகொண்டிருக்கும், நீங்கள் தெற்கே வந்துகொண்டிருப்பீர்கள். 14ஆம் தேதி போய் 18ஆம் தேதி கிளம்பினால், தை 5ஆம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழாவுக்கு நீங்கள் ஊரில் இருக்கலாம். வீட்டில் பொங்கல் வைக்காமல் போவதற்கு உங்கள் அம்மா ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் பாடு.

பேக்கேஜா, நாமேவா? என் கட்சி நாமே. விசா, டிக்கெட் இரண்டையும் வேண்டுமானால் ஏஜென்டிடம் விடலாம், நாட்களை மட்டும் கொடுக்காதீர்கள். மச்சான் ஒருமுறை ஒரு பேக்கேஜில் வந்தார். காலை எட்டரைக்குப் பேருந்து. வேறு ஹோட்டல்களில் ஆள் ஏற்ற ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஒரு அத்தர் கடையில் ஒன்றரை மணி நேரம் இறக்கிவிட்டார்கள், யாரும் கேட்காமலே. சாப்பாட்டு ஹோட்டலும் அவர்கள் சொன்னதுதான். மச்சானுடைய பெண் நான்கு நாளும் பேருந்து ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கினாள். ஊருக்குப் போய் "துபாயில் பஸ் நல்லா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

இனி காகிதம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். 30 நாள் சுற்றுலா விசா போதும், மின்னஞ்சலில் வந்துவிடும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு இரண்டையும் இப்போது கறாராகக் கேட்கிறார்கள், கையில் அச்சடித்து வையுங்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக இருந்து குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் விதி கொண்டுவந்தது. இனிஷியலோடு வாழ்ந்து பழகிய தமிழனுக்கு இது பெரிய இடி. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தினார்கள். உங்கள் அப்பா அம்மா பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். ஒற்றைப் பெயர்தான் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் ஏஜென்டிடமும் விமானக் கம்பெனியிடமும் கேட்டுவிடுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் "ஈ.சி.ஆர்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நமக்கு ஈ.சி.ஆர் என்றால் மரக்காணம் வழியாகப் போகும் ரோடு. பாஸ்போர்ட்டில் அது, வேலைக்காகப் போகிறவர்கள் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை, திரும்பும் டிக்கெட்டைக் காட்டினால் போதும். பாண்டியிலிருந்து இதைப் படிக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்கள் இந்தப் பத்தியெல்லாம் தாண்டிப் போகலாம். உங்களுக்கு முன்விசாவே வேண்டாம், இறங்கும் இடத்தில் முத்திரை குத்தி 90 நாள் தருகிறார்கள்.

பெட்டி கட்டும்போது கசகசாவை நினையுங்கள். அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அரைத்த குருமாப் பொடி, மசாலாப் பொடி எதிலாவது கசகசா சேர்த்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் போதும். வெற்றிலையும் கூடாது. என் அம்மா முதல் முறை வந்தபோது புடவை மடிப்புக்குள் ஈரத்துணி சுற்றி ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்தார், எனக்குத் தெரியாது. ஸ்கேனரைத் தாண்டியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி ஒரு இலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அம்மா அவரிடம் தமிழிலேயே, "நல்ல கும்பகோணம் வெத்தல தம்பி" என்றார். அவர் சிரித்தார், ஆனாலும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். எங்களுக்கு அபராதம் ஏதும் இல்லை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

மருந்துதான் இதைவிட முக்கியம். அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் வையுங்கள், கைப்பையில். இன்சுலின் என்றால் டாக்டர் கடிதமும் வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள். அதில் டிரமடால் சேர்ந்திருந்தால் அங்கே அது கட்டுப்பாட்டு மருந்து. கோடீன் கலந்த இருமல் டானிக், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம் இவையும் அப்படியே. அவர்களுடைய அரசின் முன் அனுமதியை இணையத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்வது அதைவிடச் சுலபம்.

தங்குவதற்கு பர் துபாய். நான் அங்கே இருந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கணக்கு ஆறு பேர். சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம். விமான நிலையத்திலும் பெரிய மால்களிலும் ஆறு பேர் ஏறும் வண்டி கிடைக்கும், தெருவில் கைகாட்டினால் கிடைக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு டாக்ஸி என்றால் பட்ஜெட்டும் போகும், குடும்பமும் பிரியும். ஆகவே மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். பர்ஜுமான் நிலையத்தில் சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கின்றன, அதன் பக்கம் இருந்தால் எல்லாத் திசைக்கும் வசதி. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. பக்கத்திலேயே கராமாவும் மீனா பஜாரும் இருப்பதால் இட்லிக்கும் பிரியாணிக்கும் அலைய வேண்டாம், நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளே கண்ணில் படும். ஷார்ஜாவில் அறை மலிவு என்று யாராவது சொல்வார்கள். மலிவுதான். காலையும் மாலையும் அந்த ரோட்டில் நிற்கும் நேரத்தை யார் தருவார்கள்?

மெட்ரோவுக்கு நோல் என்று ஒரு அட்டை. வெள்ளி அட்டை 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு இருக்கும். ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு இலவசம், உங்கள் சின்னவன் முடித்துவிட்டதால் அவனுக்கும் ஒன்று. தூரத்தைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹாம். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் பெரியவனுக்கு இதுவே ஒரு சுற்றுலா. உள்ளே முறுக்கைப் பிரிக்காதீர்கள், தின்றாலும் குடித்தாலும் 100 திர்ஹாம் அபராதம். ஒரு திர்ஹாமுக்கு 24, 25 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள், முறுக்கு கசந்துவிடும்.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆறு மணிக்கு எழும் உங்கள் அப்பா அங்கே நாலரைக்கே எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பார், பிள்ளைகளும்தான். ராத்திரி ஒன்பதரை என்பது அவர்கள் உடம்புக்குப் பதினொன்று. ஊரோ சாயங்காலம்தான் விழிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒரே வழி: காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒருமுறை வெளியே, மதியம் சாப்பிட்டு அறையில் இரண்டு மணி நேரம் தூக்கம், நாலுக்கு மேல் இன்னொரு முறை வெளியே. மதியத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். எத்தனை இடத்தை வேண்டுமானாலும் விடலாம், அதை விடக் கூடாது.

விமான நிலையத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கென்று தனிப் பாஸ்போர்ட் கவுன்டர் உண்டு. 2023இல் தொடங்கினார்கள். 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் தங்கள் பாஸ்போர்ட்டில் தாங்களே முத்திரை குத்தலாம். உங்கள் இரண்டு பேருக்கும் வயது பொருந்துகிறது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள், காசு கிடையாது. கூச்சப்படுவார். அந்த விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்ததும் கூச்சம் போய்விடும்.

முதல் நாளில் கோபுரம், மால் எதுவும் வேண்டாம். கழிமுகத்துக்குப் போங்கள். ஊர் பிறந்த இடம் அதுதான், எனக்கு இன்றும் துபாய் என்றால் அந்தத் தண்ணீர்தான். கடல் உள்ளே புகுந்து ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, ஒரு கரை பர் துபாய், எதிர்க்கரை தேரா. கடலூர் துறைமுகத்தில் உப்பனாற்றைப் படகில் கடந்திருப்பீர்கள், அதே மாதிரி ஒரு மரப் படகு. அப்ரா என்பார்கள். ஒரு ஆளுக்கு 1 திர்ஹாம். நடுவில் முதுகோடு முதுகாக உட்காரும் பலகை, பக்கவாட்டில் தடுப்பு எதுவும் இல்லை, சின்னவனை நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். துறையிலிருந்து படகுக்கு ஒரு எட்டு வைக்க வேண்டும். ஓதத்தைப் பொறுத்து அந்த எட்டு சில நேரம் சிறியது, சில நேரம் பெரியது. அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், ஒரு படகு போனால் அடுத்தது உடனே வரும், படகுக்காரரே கைகொடுப்பார். ஐந்து நிமிடத்தில் அக்கரை. குளிர்காலத்தில் கடற்காக்கைகள் படகோடு கூடவே பறந்து வரும்.

கரையில் அப்பாவை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். எண்ணெய் வருவதற்கு முன் இது முத்துக் குளித்துப் பிழைத்த ஊர். ஜப்பானில் வளர்ப்பு முத்து வந்ததும் 1930களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. எண்ணெய் கிடைத்தது 1966இல்தான். அதுவரை அங்கே புழங்கிய பணம் என்ன தெரியுமா, ரூபாய். முதலில் இந்திய ரூபாயே, 1959க்குப் பிறகு வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி அச்சடித்த தனி ரூபாய். 1966 வரை ஓடியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் என்ற நாடு உருவானது 1971 டிசம்பர் 2. அதாவது உங்கள் அப்பா அந்த நாட்டைவிட மூத்தவர். இதைச் சொன்னதும் என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார், அன்று முழுக்க ஊரையே கொஞ்சம் பெரிய மனுஷத் தோரணையில்தான் பார்த்தார்.

தேராக் கரையில் மரக்கலங்கள் வரிசையாக நின்று ஃப்ரிட்ஜும் டயரும் ஏற்றிக்கொண்டிருக்கும். உள்ளே நடந்தால் மசாலாச் சந்தை: காய்ந்த எலுமிச்சை, ஈரான் குங்குமப்பூ, சாம்பிராணி வாசம். கடைக்காரர் முந்திரியை நீட்டி "இந்தியா, குட் குவாலிட்டி" என்பார். பண்ருட்டிக்கு 25 கிலோமீட்டரில் இருக்கிற நம்மிடம்! பதிலுக்கு நீங்கள் ஒரு பொட்டலம் நம் முந்திரியைக் கொண்டுபோய் அங்கே தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அதைவிட மதிப்பான பரிசு கிடையாது. இந்தச் சந்தைகளில் மதியம் பல கடைகள் மூடிவிடும், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் அப்படித்தான். நேரம் பார்த்துப் போங்கள். பர் துபாய்க் கரையில் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. வீட்டு மாடிகளில் நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரங்கள் நிற்கும். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கூண்டுகள் அவை, மின்சாரம் வராத காலத்து ஏசி. நடக்க நிழல் உண்டு, உட்காரத் திண்ணை உண்டு, அம்மாவுக்கு ஏற்ற இடம்.

இரண்டாம் நாள் மாலை புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர், 2010 ஜனவரி 4 அன்று திறந்தார்கள். சிதம்பரம் கோபுரத்தை ஏறத்தாழ இருபது தடவை அடுக்கினால் வரும் உயரம். ஆறு பேரும் மேலே போக வேண்டியதில்லை. பிள்ளைகளோடு ஒருவர் போகட்டும், 124ஆம் தளத்து டிக்கெட் போதும், முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடுதல். ஜனவரியில் ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் மறைந்துவிடும் என்பதால், விலை பார்த்து அதற்கு முந்தைய சீட்டு வாங்கி மேலே கொஞ்சம் தாமதித்தால் பகலையும் இரவு விளக்குகளையும் பார்க்கலாம். பெரியவர்கள் கீழே குளக்கரையில் உட்காரட்டும். மாலையில் அரை மணிக்கொரு தடவை நீரூற்று பாட்டுக்கு ஆடும், அதற்குக் காசு இல்லை. மாலுக்குள் இருக்கும் பெரிய மீன்தொட்டியையும் வெளியிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், உள்ளே போகும் டிக்கெட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஒரே எச்சரிக்கை: மெட்ரோ நிலையத்திலிருந்து மாலுக்குப் போகும் கண்ணாடிப் பாலம் முடிவே இல்லாதது மாதிரி இருக்கும். நகரும் பாதை உண்டு, அப்படியும் நீளம். அன்றைக்கு மட்டும் அம்மா அப்பாவை டாக்ஸியில் நேராக மால் வாசலுக்கு அனுப்புங்கள்.

மூன்றாம் நாள் பாலைவனம். பிள்ளைகள் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஆகவே காலையில் எங்கும் போகாதீர்கள். மதியம் மூன்று மணி வாக்கில் பெரிய ஜீப் வந்து அழைத்துப்போகும், ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பக் கொண்டுவிடும். மதியச் சாப்பாடு தயிர்சாதம் மட்டும். நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை மீன் குழம்புச் சாப்பாடு முடித்த கையோடு என் தங்கையை ஏற்றிவிட்டேன், இரண்டாவது மணல்மேட்டிலேயே வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று.

லஹ்பாப் பக்கம் போனால் மணல் சிவப்பாக இருக்கும், நம் கேப்பர் மலைச் செம்மண்ணைப் பொடித்துச் சலித்த மாதிரி. இரும்புத் துரு ஒவ்வொரு மணலிலும் பூசியிருக்கிறது. ரோடு முடிகிற இடத்தில் எல்லா ஜீப்பும் நிற்கும். டிரைவர் இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்குவார், உஸ்ஸென்று. இவ்வளவு தூரம் வந்த பிறகு வண்டி பஞ்சர் என்று சின்னவன் பயப்படுவான், முன்பே சொல்லி வையுங்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மணல்மேல் அகலமாகப் பரவும், புதையாது. பிறகு மணல்மேட்டின் முகட்டுக்கு ஏறி மறுபக்கம் சரியும் விளையாட்டு அரை மணி நேரம். முதுகுவலி, இதய நோய், கர்ப்பம், கைக்குழந்தை எதுவும் இருந்தால் ஏறக் கூடாது. உங்கள் அப்பா அம்மாவை மணல்மேடு ஏறாமல் நேராகக் கூடாரத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் நடக்காது.

கூடாரத்திலும் ஒரு சங்கதி. உட்காருவது தரையோடு ஒட்டிய திண்டுமெத்தையில், சாப்பாட்டுப் பலகையும் முழங்கால் உயரம்தான். என் அம்மா உட்கார்ந்துவிட்டார். எழுப்ப நானும் இன்னொருவரும் வேண்டியிருந்தது. நாற்காலி கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும், மேலே இருப்பவர் முன்னால் குப்புற விழப்போவது மாதிரி சாய்வார். பிள்ளைகளைப் பின்னால் சாய்ந்து கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மருதாணி, சுட்ட கறி, சைவத்துக்குத் தனி வரிசை, விளக்குப் பாவாடையோடு ஒருவர் பம்பரமாகச் சுற்றும் தனூரா நடனம், எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும். சூரியன் போனதும் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும். கடலூரில் யாரிடமும் ஸ்வெட்டர் இருக்காது, மார்கழிப் பனிக்குக் கட்டும் மப்ளரையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாளுக்கு இரண்டு வழி. கோயில், மசூதி என்றால் அபுதாபி: ஒரு நாள் வேனை வாடகைக்கு எடுங்கள். அபுதாபி போகும் வழியில் 2024 பிப்ரவரி 14 அன்று திறந்த கற்கோயில் இருக்கிறது, ராஜஸ்தான் இளஞ்சிவப்புக் கல், நாட்டின் ஏழு எமிரேட்டுக்கு ஏழு சிகரம். அதை முடித்து, மாலை வெயிலில் ஷேக் சாயித் மசூதி. அனுமதி இலவசம், முன்பதிவு வேண்டும், பெண்கள் தலைக்குத் துணி, எல்லோருக்கும் கைகால் மூடிய உடை. பளிங்குத் தரையில் நிறைய நடை, சக்கர நாற்காலி கேளுங்கள். இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், ஜெபல் அலியில் 2022இல் திறந்த இந்துக் கோயிலுக்குக் காலையில் போய்விட்டு, மாலை குளோபல் வில்லேஜ். அதை ஆற்றுத் திருவிழாக் கடைகளை ஆயிரம் மடங்கு பெருக்கிய மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ராட்டினம், பஜ்ஜி, வளையல், இரைச்சல் எல்லாம் உண்டு. எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளுக்கு உயிர். அக்டோபரிலிருந்து மே வரைதான் நடக்கும்.

நீங்கள் எழுதியதில் மீதி எல்லாம் அடுத்த முறைக்கு. பாம் தீவு விமானத்திலிருந்து தெரிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம் பற்றிக் கேட்காமலே ஒரு வார்த்தை, ஏனென்றால் போகும் யாரும் கேட்காமல் இருந்ததில்லை. அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஒன்று, பேரம் செய்கூலியில்தான். ஆனால் வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். நான்கு இரவு தங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை. 2024 ஜூலையில் இங்கே இறக்குமதி வரியை 6 சதவீதமாகக் குறைத்த பிறகு அங்கே வாங்குவதில் முன்போல லாபமும் இல்லை. சந்தையில் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டிலிருந்து கனமான நகை போட்டுப் போவதானால், கிளம்பும்போதே சென்னை சுங்கத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், திரும்பும்போது விளக்கம் சொல்லவேண்டி வராது.

சில்லறை விஷயங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், பேச முடியாது, ஊருக்குப் பேச வேறு செயலியோ சாதாரண அழைப்போதான். தெரியாத பெண்களைப் படம் எடுக்காதீர்கள். கடப்பதற்கென்று ஒதுக்காத இடத்தில் ரோட்டைத் தாண்டினால் குறைந்தது 400 திர்ஹாம் அபராதம். பாண்டி விலையை நினைத்துக்கொண்டு யாராவது ஒரு பீருக்கு ஆசைப்பட்டால், பில்லைப் பார்த்ததும் தெளிந்துவிடும். பேரீச்சம்பழத்தை விமான நிலையத்தில் வாங்காதீர்கள், கராமாவில் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் எடைபோட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. உண்டென்றால் இந்த நான்கு நாளும் பாக்கு இல்லாத வாயோடு கொஞ்சம் சிடுசிடுவென்றுதான் இருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கி வண்டி கிளம்பியதும் முதல் பெட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். என் அம்மா அங்கே நின்றுகொண்டே இரண்டு வெற்றிலை போட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார். அதற்கப்புறம்தான் டிரைவரிடம், "துபாய் நல்லாத்தான் இருக்குப்பா" என்றார்.